பொன்மலையில் இருந்து ஒரு நீலச் சட்டை: தமிழகத்தின் இரண்டு சாம்பியன்களும் ஒரு ரசிகனும்

உலகத்தின் பணக்காரக் கால்பந்து கிளப்புகளில் ஒன்று மான்செஸ்டர் யுனைட்டெட். அது எங்கே பிறந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 1878-ல் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில், லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வேயின் பெட்டிகளும் வேகன்களும் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்த தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில் விளையாட ஆரம்பித்த அணி அது. முதலில் கிளப்பின் பெயரே நியூட்டன் ஹீத்தான். 1902-ல் 2,670 பவுண்டு கடனில் மூழ்கி, இழுத்து மூடும் நிலைக்கு வந்தது. ஒரு மதுபான ஆலை முதலாளி பணம் போட்டுக் காப்பாற்றினார். பெயர் மாறியது, சட்டையின் நிறம் மாறியது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கதையைப் படிக்கிற திருச்சிக்காரர் யாருக்கும் பொன்மலை ஞாபகம் வராமல் இருக்காது. தென்னிந்திய ரயில்வே தன் பட்டறையை நாகப்பட்டினத்தில் இருந்து இங்கே கொண்டு வந்தது 1928-ல். பட்டறையைச் சுற்றி ஒரு ஊரே எழுந்தது. வரிசை வரிசையாக ரயில்வே குடியிருப்புகள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், பள்ளிக்கூடங்கள், தேவாலயம், ஞாயிற்றுக்கிழமை சந்தை, ஜி கார்னர் மைதானம், நேரம் சொல்லும் பட்டறைச் சங்கு. நியூட்டன் ஹீத்தில் இருந்த மாதிரியே தொழிலாளிகளும் இருந்தார்கள், மைதானமும் இருந்தது, பந்தும் இருந்தது. ஆனால் ஊர் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு தேசிய லீக்கில் ஆடும் தொழில்முறை கிளப் ஒன்று மட்டும் பொன்மலைக்கு அமையவில்லை. திருச்சிக்கே அமையவில்லை.

ஆக இங்கே இருக்கும் ஒரு கால்பந்து ரசிகன் "என் டீம்" என்று சொல்ல வேண்டுமானால் சுமார் 330 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னையைத்தான் பார்க்க வேண்டும். டி.வி. முன்னால் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ரயில் ஏற வேண்டும். ஏறினாலும் மேட்ச் முடிய ராத்திரி ஒன்பதரை ஆகும். அப்புறம் எழும்பூருக்கு ஓடி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடியற்காலையில் ஊர். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு கிளப்பை ஆதரிப்பவனுக்கு அந்த கிளப் என்ன கொடுத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. கணக்கு 2014-ல் தொடங்குகிறது.

மடராஸியின் முதல் வருடம்

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) ஆரம்பித்தபோது சென்னைக்கும் ஒரு அணி கிடைத்தது. பெயர் சென்னையின் எஃப்.சி. நீலச் சட்டை. உரிமையாளர்களில் அபிஷேக் பச்சனும் மகேந்திர சிங் தோனியும் இருந்தார்கள். கிரிக்கெட் ஊரில் கால்பந்தை விற்க கிரிக்கெட் கேப்டன் தேவைப்பட்டார் என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு.

பயிற்சியாளராகவும் வீரராகவும் வந்தவர் இத்தாலியின் மார்க்கோ மடராஸி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடேன் தலையால் முட்டினாரே, அந்த முட்டை வாங்கியவர்! பிரேசிலின் எலானோ 8 கோல் அடித்து அந்த வருடம் அதிக கோல் அடித்தவர் ஆனார். லீக் சுற்றில் சென்னைக்குத்தான் முதலிடம்.

அரையிறுதியில் எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் 0-3 தோல்வி. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் ஒவ்வொன்றாக மூன்று கோல்களும் திரும்பி வந்தன. மூன்றாவது கோலை 90-வது நிமிடத்தில் ஜேஜே அடித்தபோது மொத்தக் கணக்கு 3-3. மைதானமே எழுந்து நின்றது. கூடுதல் நேரத்தின் 117-வது நிமிடத்தில் கேரளாவின் பியர்சன் ஒரு கோல் அடித்தார். அவ்வளவுதான்.

ஒரு கிளப்பின் மேல் பிடிப்பு வருவது ஜெயிக்கும்போது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். சென்னையின் ரசிகர்கள் பலருக்கு அது இந்தத் தோல்வியில்தான் வந்தது. மூன்று கோலைத் திருப்பிய அணியை அடுத்த வருடம் விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வரவில்லை.

வெள்ளத்தில் வந்த கோப்பை

2015 இன்னும் மோசமாக ஆரம்பித்தது. முதல் 10 ஆட்டங்களில் 10 புள்ளிகள். பட்டியலில் அடிமட்டம். மிச்சம் இருந்தது 4 ஆட்டங்கள். அந்த நான்கையும் ஜெயித்து மூன்றாவது இடத்துக்கு வந்தார்கள். கொலம்பியாவின் ஸ்டீவன் மென்டோசா அந்த வருடம் அடித்தது 13 கோல்.

அதே நாட்களில்தான் சென்னை மூழ்கியது. 2015 நவம்பரிலும் டிசம்பர் முதல் வாரத்திலும் பெய்த மழையில் நகரமே தண்ணீரில் நின்றது. விமான நிலையம் மூடப்பட்டது. ரயில்கள் ரத்து. ஊரில் இருந்தவர்களுக்குப் பால் பாக்கெட்டும் குடிதண்ணீரும் கிடைப்பதே பெரிய பாடு. இந்த நிலையில் அரையிறுதியைச் சென்னையில் நடத்த வழியில்லை. சொந்த ஊர் ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. சென்னை ரசிகன் இல்லாத "சென்னை ஆட்டம்"! அந்த ஆட்டத்தில் நடப்பு சாம்பியன் அட்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தார்கள். கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 4-2.

டிசம்பர் 20. கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிரணியும் எஃப்.சி. கோவா. அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனது. பலர் டி.வி.யை அணைத்திருப்பார்கள். அணைக்காதவர்கள் பார்த்தது இதுதான்: 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டு பந்து சொந்த வலைக்குள்ளேயே போனது. 2-2. இரண்டு நிமிடம் கழித்து மென்டோசா அடித்தார். 3-2. சென்னை சாம்பியன்!

வீட்டுக்குள் புகுந்த சேற்றை இன்னும் கழுவி முடிக்காத ஒரு ஊருக்கு அந்தக் கோப்பை போய்ச் சேர்ந்தது. கோப்பையால் யாருடைய நனைந்த மெத்தையும் காயவில்லைதான். ஆனால் அந்த மாதம் சென்னையைப் பற்றி வந்த செய்திகளில் சந்தோஷமான செய்தி என்று எண்ணினால் அதிகம் தேறாது. அதில் இது ஒன்று.

எட்டு நாள் குறைவாக ஒரு வருடம்

2016-ல் எட்டு அணிகளில் ஏழாவது இடம். சாம்பியனுக்கு வந்த கதி! அடுத்து இங்கிலாந்துக்காரர் ஜான் கிரிகோரி பயிற்சியாளராக வந்தார். 2017-18-ல் லீக்கில் இரண்டாம் இடம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இறுதி ஆட்டம். பெங்களூரு எஃப்.சி. அந்த லீக் சுற்றில் சென்னையைவிட 8 புள்ளிகள் அதிகம் எடுத்த அணி. 9-வது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி தலையால் முட்டி கோல் போட்டார். அதன் பிறகு பிரேசில் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை எழும்பினார். இரண்டும் கார்னரில் இருந்து வந்த பந்துகள், இரண்டும் தலையால் முட்டிய கோல்கள். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். 3-2. இரண்டாவது கோப்பை.

தமிழகக் கால்பந்தின் அதிசய வருடம் அங்கே முடியவில்லை. அப்போது இந்தியாவில் இரண்டு தேசிய லீக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தன. ஒன்று ஐ.எஸ்.எல். இன்னொன்று அதற்கு முன்பே இருந்த ஐ-லீக். ஐ-லீக்கிலும் ஒரு தமிழக அணி இருந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. 1946-ல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய ஒரு சங்கத்தின் வழி வந்தது அது. பெயரில்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில்.

நட்சத்திர உரிமையாளர்கள் இல்லை. பெரிய பட்ஜெட் இல்லை. 2016-17-ல் பத்து அணிகளில் எட்டாவது இடம். 2017-18-லும் எட்டாவது இடம். 2018-19-க்கு சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டு, ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த வீரர்களைக் கூட்டி வந்தார்கள். பெட்ரோ மான்சி என்பவரை அதற்கு முன் இங்கே யாருக்கும் தெரியாது. அவர் அடித்தது 21 கோல்.

கடைசி நாள் 2019 மார்ச் 9. நிலைமை இதுதான்: சென்னை சிட்டி ஜெயித்தால் சாம்பியன். தடுக்கினால், ஒரே ஒரு புள்ளி பின்னால் நிற்கும் ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் காத்திருக்கிறது. கோவையில் எதிரணி முந்தைய வருட சாம்பியன் மினர்வா பஞ்சாப். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை 0-1. அதன் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது, ஆனாலும் கணக்கு 43-க்கு 42. ஒரு புள்ளி!

2018 மார்ச் 17, 2019 மார்ச் 9. ஒரு வருடம் ஆக எட்டு நாள் பாக்கி இருக்கும்போதே தமிழ்நாட்டுக்கு இரண்டு தேசிய லீக் கோப்பைகள் வந்துவிட்டன. கொல்கத்தா, கோவா, கேரளா என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்த இந்தியக் கால்பந்தில் இது சாதாரண விஷயம் இல்லை. பொன்மலையில் இருந்தோ பாளையங்கோட்டையில் இருந்தோ பார்த்துக்கொண்டிருந்த ரசிகனுக்கு அன்று இரண்டு அணிகள், இரண்டு கோப்பைகள். இதைவிட என்ன வேண்டும்?

சரிவு

வேடிக்கை என்னவென்றால், கோவையில் கொண்டாட்டம் நடந்த அதே சீசனில் சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல்.லில் கடைசி இடம். 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 9 புள்ளிகள். சாம்பியன் பட்டத்தோடு தொடங்கியவர்கள் பத்தாவது இடத்தில் முடித்தார்கள்.

2019-20-ம் அதே பாதையில்தான் தொடங்கியது. கிரிகோரி விலகினார், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் கோயில் வந்தார். பிறகு 2015-ல் நடந்த மாயம் மறுபடி நடந்தது. லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். நான்காவது இடம், அரையிறுதி. கோவாவைச் சொந்த மண்ணில் 4-1, அங்கே போய் 2-4. மொத்தம் 6-5. மூன்றாவது இறுதி ஆட்டம்!

அந்த இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14-ல் நடந்தது. கொரோனா வந்துவிட்டது. ஃபடோர்டா மைதானத்தில் ஒரு பார்வையாளர்கூட இல்லை. ஏ.டி.கே. 3-1 என்று ஜெயித்தது. காலி நாற்காலிகளுக்கு நடுவே வீரர்கள் கத்துவது டி.வி.யில் தெளிவாகக் கேட்டது. ஜெயித்த அணியில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மைக்கேல் சூசைராஜ் இருந்தார். அவர் முன்பு சென்னை சிட்டியில் ஆடியவர்.

அடுத்த இரண்டு சீசன்கள் முழுவதும் கோவாவிலேயே, பூட்டிய மைதானங்களில் நடந்தன. 2020 பிப்ரவரிக்குப் பிறகு சென்னை நேரு ஸ்டேடியத்தில் ரசிகன் தன் அணியைப் பார்த்தது 2022 அக்டோபரில்தான். இடையில் அணி வாங்கியது எட்டாவது இடம், திரும்பவும் எட்டாவது இடம். 2020-21-ல் மட்டும் 20 ஆட்டங்களில் 11 டிரா. தோற்றால் அழலாம், ஜெயித்தால் ஆடலாம், டிராவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மைதானம் திறந்த பிறகும் எட்டாவது இடமே. 2023-24-ல் ஆறாவதாக வந்து பிளே-ஆஃப் வரை போனது ஒரு ஆறுதல். 2024-25-ல் பதின்மூன்று அணிகளில் பதினோராவது.

சரி, இது அணிகளுக்கு சகஜம். ஏறும், இறங்கும். ரசிகனும் திட்டிக்கொண்டே அடுத்த சனிக்கிழமை வந்து உட்காருவான். கோவையில் நடந்ததுதான் வேறு வகை.

சாம்பியன் ஆன அடுத்த வருடம் சென்னை சிட்டி நடுவில் எங்கோ தடுமாறியது. 2020-21 ஐ-லீக் கொரோனாவால் மேற்கு வங்காளத்தில் ஒரே இடத்தில் நடந்தது. கோவைக்கு ஆட்டமே வரவில்லை. 2021-22 ஐ-லீக் அணிகளின் பட்டியல் வந்தபோது அதில் சென்னை சிட்டி இல்லை. கோப்பை வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. அப்புறம் அந்தப் பெயர் தேசிய லீக்கில் திரும்ப வரவே இல்லை.

ஒரு அணி தோற்றால் ரசிகனுக்கு அடுத்த வாரம் என்று ஒன்று இருக்கிறது. அணியே இல்லாமல் போனால்? வழியனுப்ப ஒரு கடைசி ஆட்டம்கூடக் கோவை ரசிகர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் சொந்த ஊரில் கடைசியாகப் பார்த்தது ஒரு சாதாரண லீக் ஆட்டம். அதுதான் கடைசி என்று அன்று யாருக்குத் தெரியும்?

கிளப் யாருடையது?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது இல்லை. மஹிந்திரா யுனைட்டெட் 2010-ல் மூடப்பட்டது. தேசிய லீக்கின் முதல் சாம்பியனான பஞ்சாபின் ஜே.சி.டி. 2011-ல் மூடப்பட்டது. ஒவ்வொரு முறையும் முடிவு எடுத்தது கம்பெனி. ரசிகன் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டான்.

ஆனால் ரசிகன் சும்மா இருக்காத இடங்களும் உண்டு. இங்கிலாந்தில் விம்பிள்டன் கிளப்பை வேறு ஊருக்கு மாற்ற 2002-ல் அனுமதி கொடுத்தார்கள். கொதித்துப் போன ரசிகர்கள் அதே வருடம் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தாங்களே ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். பூங்காவில் தேர்வு வைத்து வீரர்களைப் பொறுக்கி, அடிமட்ட லீக்கில் தொடங்கி, 9 வருடத்தில் தேசிய லீக் வரிசைக்கு ஏறி வந்தார்கள். பட்டறையில் பிறந்த மான்செஸ்டர் யுனைட்டெடின் ரசிகர்களில் ஒரு பகுதியினரும் 2005-ல் அமெரிக்க முதலாளி கிளப்பை வாங்கியபோது பிரிந்து போய்ச் சொந்தமாக எஃப்.சி. யுனைட்டெட் ஆஃப் மான்செஸ்டர் என்று ஒன்றைத் தொடங்கினார்கள்.

நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 1889-ல் பிறந்த மோகன் பகான் 2020-ல் ஏ.டி.கே.யுடன் இணைந்து "ஏ.டி.கே. மோகன் பகான்" ஆனது. பெயரில் முன்னால் ஒட்டிக்கொண்ட அந்த மூன்று எழுத்தை ரசிகர்கள் ஏற்கவே இல்லை. ஊர்வலம், பேனர், கோஷம் என்று விடாமல் நின்றார்கள். 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை ஜெயித்த இரவிலேயே அந்த மூன்று எழுத்து நீக்கப்படுவதாக உரிமையாளர் அறிவித்தார்.

மோகன் பகானுக்கு இது முடிந்தது, சென்னை சிட்டிக்கு முடியவில்லை. ஏன்? கொல்கத்தாவில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே கொடியைப் பிடித்திருக்கிறது. அந்தக் கூட்டத்தைப் பகைத்துக்கொண்டு கிளப் நடத்த முடியாது. கோவையில் ரசிகர்கள் சேர ஆரம்பித்ததே அப்போதுதான். அந்த வேர் பிடிப்பதற்குள் செடியைப் பிடுங்கியாகிவிட்டது. அதுவும் கோப்பை வந்து, கூட்டம் வந்து, பிள்ளைகள் அந்தச் சட்டையைக் கேட்க ஆரம்பித்த நேரத்தில்.

இப்போது

சென்னையின் எஃப்.சி.க்கும் அந்த பயம் வந்து போனது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. புது ஒப்பந்தம் இல்லாததால் செப்டம்பரில் தொடங்க வேண்டிய சீசன் தொடங்கவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் முதல் அணியின் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. கோவையில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு "தற்காலிகம்" என்ற வார்த்தையைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியிருக்கும். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, 2026 பிப்ரவரியில் சுருக்கப்பட்ட சீசனாக லீக் மறுபடி தொடங்கியது.

அப்படியானால் கணக்கு என்ன ஆயிற்று? வரவில் மூன்று தேசிய லீக் கோப்பைகள், கடைசி நிமிட கோல்கள், வெள்ள மாதத்தில் ஒரு நல்ல ராத்திரி. செலவில் கடைசி இடங்கள், காலி மைதானங்கள், காணாமல் போன ஒரு அணி. வீரர்கள் தொடர்ந்து வருகிறார்கள். சென்னை சிட்டிக்கு ஆடிய நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒரே கோலில் டியூரண்ட் கோப்பை டெர்பியே முடிந்தது. கொல்கத்தாவின் பாதி ஊர் ஒரு தமிழ்ப் பையனின் பெயரைக் கத்தியது. விளையாட ஆள் இருக்கிறது, பார்க்கவும் ஆள் இருக்கிறது. நடுவில் நிற்க வேண்டிய கிளப்தான் நிலையாக இல்லை.

நியூட்டன் ஹீத் பட்டறைத் தொழிலாளிகள் 1878-ல் செய்தது பெரிய விஷயம் எதுவும் இல்லை. தங்கள் ஊரில், தங்கள் பெயரில், தங்கள் கையால் ஒரு அணியை ஆரம்பித்தார்கள். பொன்மலையிலும் கோவையிலும் அதற்குத் தேவையான மைதானமும் ஆட்களும் இன்றைக்கும் இருக்கிறார்கள். யாரோ வாங்கிக் கொடுக்கும் அணிக்காகக் காத்திருந்தால், அவர்கள் எடுத்துக்கொண்டு போகும் நாளுக்கும் சேர்த்துத்தான் காத்திருக்க வேண்டும்.

அது வரைக்கும் பொன்மலை ரசிகன் நீலச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருப்பான். அடுத்த சென்னை ஆட்டத்தின் தேதி வந்ததும் முதலில் பார்க்கப் போவது மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் டிக்கெட் இருக்கிறதா என்றுதான்.